வெள்ளிக்கிழமை எடுத்த அளவுகள்

நான் முப்பத்தோரு வருஷம் ரத்த அழுத்தம் அளந்தவள். ஆனால் டாக்டர் இல்லை. படித்தது இயற்பியல். கூத்தாநல்லூரில் எல்லோரும் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தேன். "நான் டாக்டர் இல்லீங்க, பிசிக்ஸ்" என்றால், "அதுவும் நல்லதுதாங்க" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார்கள். பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் ஆராய்ச்சி மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினாள். அத்தனை புள்ளிகளும் அழகாக ஒரே வரிசையில் போக, ஒன்று மட்டும் ஒதுங்கி நின்றது. "இத எடுத்துடலாம்ல மேடம்? ஏதோ கருவிக் கோளாறு" என்றாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் இங்கே எழுதுகிறேன். நீ படிப்பாய் என்று நம்புகிறேன், பெண்ணே.

ஊரில் இருக்கிற இளவட்டமெல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிய காலம் அது. வயலை நம்பி இருந்தவர்கள்கூட மேட்டூர் அணையைத் திறப்பார்களா மாட்டார்களா என்று காத்திருந்து அலுத்துப்போய், சவூதிக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். தஞ்சாவூரில் எங்கள் ஆராய்ச்சி மையம் ஒரு வாடகை மாடியில் இருந்தது. இப்போது அந்த மாடி இல்லை. கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்களின் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பேராசிரியர் ஒருவர், மருந்து எழுத ஒரு டாக்டர், கேள்வித்தாள் தயாரிக்க மனநலம் படித்த ஒருவர், கருவிகளைப் பார்த்துக்கொள்ள நான்.

பேராசிரியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. "எடுத்த அளவை எழுதணும். பிடிச்சாலும் எழுதணும், பிடிக்காட்டியும் எழுதணும். எழுதலேன்னா அது ஆராய்ச்சி இல்ல, வம்பு." ஒருமுறை நான் பென்சிலால் குறித்துவிட்டு அழித்ததைப் பார்த்தார். மறுநாள் என் மேஜையில் இருந்த ரப்பரையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கருவியை வைத்துக்கொண்டு அடித்த பந்தா கொஞ்சநஞ்சமல்ல. வாரம் தவறாமல் பாதரசத்தைப் பூஜ்யத்தில் சரிபார்ப்பேன். கைப்பட்டையில் காற்று கசிகிறதா என்று தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பேன். வலங்கைமான் பக்கம் நடவுக்குப் போய்ப் பிழைத்தவளின் மகள் நான். எங்கள் தெருவில் முதலில் காலேஜ் போனவள். என் கருவி தப்புக் காட்டியது என்று ஒருத்தர் வாயில் வரக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

ஆனால் தப்பு நடந்தது. அதற்குக் காரணமும் என்னுடைய கெட்டிக்காரத்தனம்தான்.

கிராமம் கிராமமாக வரப்பில் நடந்து இந்தப் பெண்களைப் பிடிப்பது பெரும் பாடாக இருந்தது. ஒருத்தி களத்தில் இருப்பாள், ஒருத்தி அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். அப்போதுதான் கூத்தாநல்லூர் கடைத்தெருவில் யூசுப் பாயின் டெலிபோன் பூத் என் கண்ணில் பட்டது. மஞ்சள் பலகை, உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு, பின்னால் ஒரு பெரிய அறை. சுற்றுப்பட்ட ஊர்களில் வீட்டில் போன் இருந்தவர்கள் ரொம்பக் குறைவு. வெளிநாட்டிலிருந்து ஆண்கள் பாயின் நம்பருக்குக் கூப்பிடுவார்கள். வளைகுடா நாடுகளில் விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால், இங்கே வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே பெண்கள் வந்து பின்னறையில் காத்திருப்பார்கள். மரைக்காயர் வீட்டு மருமகளும் இருப்பாள், குடியானவர் தெருப் பெண்ணும் இருப்பாள், மாதா கோயில் தெருப் பெண்ணும் இருப்பாள். "நாம ஏசுவைக் கும்புட்டாலும் அவங்க அல்லாவைக் கும்புட்டாலும் அங்க லீவு என்னமோ வெள்ளிக்கெழமதாங்க" என்று ஒருத்தி சிரித்தாள்.

எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நாளில். இதைவிட என்ன வேண்டும்? பாயிடம் கேட்டேன். "தாராளமா வாங்க டாக்டரம்மா. சும்மா ஒக்காந்து கவலப்படுறதுக்கு உங்ககிட்ட கையக் குடுத்துட்டு ஒக்காரட்டும்" என்று அறையின் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். பேராசிரியர் என்னை வெகுவாகப் பாராட்டினார்.

ஒப்பிட்டுப் பார்க்க, கணவன் ஊரிலேயே இருக்கும் பெண்களையும் அளக்க வேண்டுமல்லவா? அவர்களை மற்ற நாட்களில் அவரவர் வீட்டுக்கே போய் அளந்தோம். மோர் கொடுப்பார்கள், குடித்துவிட்டு, கதை பேசிவிட்டு, நிதானமாக அளப்போம்.

முடிவு எங்களையே மலைக்க வைத்தது. வெளிநாட்டில் இருந்தவர்களின் மனைவிகளுக்கு அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஆனால் கேள்வித்தாளில் ஒருத்திகூட ஒரு குறை சொல்லவில்லை. "பயமா இருக்கா?" "இல்லீங்க." "தூக்கம் வருதா?" "வருதுங்க." "எப்படி இருக்கீங்க?" "நல்லாயிருக்கேங்க." பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? "வாய் நல்லாயிருக்கேன்னு சொல்லுது, பாதரசம் இல்லேங்குது" என்று பேராசிரியர் உற்சாகமாகிவிட்டார். கட்டுரைச் சுருக்கம் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனது. அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். போய்ப் பேச வேண்டியவள் நான். நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். என் அம்மா தெருவில் யாரையும் விட்டுவைக்கவில்லை, எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் மேரி விழுந்தாள்.

ஆரோக்கியமேரி கூத்தாநல்லூரிலிருந்து பஸ் ஏறி, இறங்கிக் கொஞ்சம் நடக்கிற தூரத்தில் ஓர் ஊர்க்காரி. இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். கணவர் அந்தோணி சவூதியில், தம்மாமில் எலக்ட்ரீஷியன். ஸ்டெல்லா என்று ஒரு பெண் குழந்தை. குழந்தை குப்புற விழக் கற்றுக்கொண்ட சமயத்தில் போனவர். நான் பார்க்கும்போது அவள் வாய் ஓயாமல் பேசினாள், அதற்கப்புறம் அவரைப் பார்த்ததே இல்லை. பாயின் பூத்துக்கு அவள் வைத்த பெயர் 'அப்பா வீடு'. பஸ்ஸில் ஏறியதும், "அப்பா வீட்டுக்குப் போறோம்" என்று பக்கத்து சீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வருவாளாம்.

மூன்று வாரம் தொடர்ந்து அழுத்தம் அதிகமாக இருந்தால் எங்கள் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. மேரிக்கு மூன்று வெள்ளியும் அதிகம். நான்தான் சீட்டு எழுதினேன். டாக்டர் என் அளவுகளை நம்பி மாத்திரை கொடுத்தார். அடுத்த வெள்ளி போனில் அதை அந்தோணியிடமும் சொன்னாள். அதற்கடுத்த வெள்ளி அவள் வரவில்லை. "நாத்துப் பறிக்கப் போனா, விழுந்துட்டாங்க. கை ஒடைஞ்சு போச்சு" என்று அவள் ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கூரை போடாமல் சுவரோடு நின்ற ஒரு வீடு. அதை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை. உள்ளே மேரி இடது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழப்போனாள். எழுந்தவள் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடி விழுந்தே மேரி?"

"குனிஞ்சு பறிச்சிக்கிட்டே இருந்தேங்கக்கா. நாத்த முடியாக் கட்டிட்டு நிமிந்தேன். அப்பிடியே கண்ணு இருட்டிடுச்சு. மதகுக் கல்லுல கை மாட்டிக்கிச்சு."

வலது கையில் பட்டையைச் சுற்றி அளந்தேன். அழுத்தம் குறைவாக இருந்தது. சாதாரணத்தையும் விடக் குறைவு. மறுபடி அளந்தேன். அதே அளவு. கருவியில் சந்தேகம் வந்து என் கையிலேயே சுற்றிப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. நிஜமாகவே ப்ரஷர் இருந்திருந்தால், மாத்திரை போட்டிருந்தாலும் இவ்வளவு கீழே இறங்கியிருக்காது. இல்லாத ப்ரஷருக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு, வெயிலில் மணிக்கணக்காகக் குனிந்து நாற்றுப் பறித்திருக்கிறாள். நிமிரும்போது என்ன ஆகும் என்று நடவுக்காரி மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"என்னக்கா, இல்லீங்களா?" என்றாள் மேரி. "வெள்ளிக்கெழம வந்து பாருங்கக்கா, அப்ப இருக்கும்."

பெட்டியை மூடப் போனவள் நிறுத்தினேன். "வெள்ளிக்கிழமைன்னா என்ன?" என்று கேட்டேன்.

அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். "காலைல முழிக்கும்போதே நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சிடும்க்கா. இன்னிக்கி லைன் கெடைக்குமா, அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதே, மத்தவளுக்கெல்லாம் வருதே, நமக்கு வரலியேன்னு. போன் வந்து அவரு கொரலக் கேட்டுட்டா அப்பறம் ஒண்ணுமில்ல. பஸ்ஸுல தூங்கிட்டே வந்துருவேன்."

நான் நூற்றுக்கணக்கான அளவுகளை அந்தப் பின்னறையில் எடுத்தவள். அவர்கள் அங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. கருவியைக் கண்ணும் கருத்துமாகச் சரிபார்த்தேன். கை நீட்டியவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னேன். நாளைக்கே டாக்டரை அழைத்து வருகிறேன் என்றேன். "உனக்கு ப்ரஷரே இல்ல மேரி. தப்பு எங்களோடது. என்னோடது" என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப அவருக்கிட்டயும் சொல்லணுமாக்கா?"

"ஏன், என்னாச்சு?"

"ப்ரஷர்னு சொன்னதும் பயந்துட்டாரு. வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன்னாரு. ரெண்டு வாரம் பொறு, முடிவு சொல்றேன்னாரு. வர்ற வெள்ளிக்கெழமதாங்க்கா அது." மாவுக்கட்டின் ஓரத்தைத் தடவினாள். "அவரா வர்றேன்னு சொன்னது இதாங்கக்கா மொதத் தடவ."

அந்தோணிக்கு ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. பாதியில் விட்டால் திரும்பப் போக முடியாது. வீடு சுவரோடு நிற்கிறது. அவருடைய தங்கை ஒருத்தி அவரை நம்பி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மேரிக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் கேட்டாள். "ஒரே ஒரு வாரம் சொல்லாம இருங்களேன்க்கா. அவரு எழுதிக் குடுத்துரட்டும்."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வரப்பில் நடக்கும்போது எனக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. நான் அங்கிருந்து நேராக யூசுப் பாயிடம் போனேன். அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. யாருக்கு எத்தனை மணிக்குப் போன் வந்தது, எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்று அதில் எழுதி வைப்பார். "அவ ரொம்ப நேரம் பேசுனதால எனக்கு வந்த லைன் போச்சு" என்று வாராவாரம் வரும் சண்டையைத் தீர்ப்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. என் தாள்களில் அளந்த நேரம் இருந்தது. பாயின் நோட்டில் போன் வந்த நேரம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது. போனுக்கு முன்னால் அளந்தவர்களுக்கெல்லாம் அதிகம். பேசிவிட்டு வந்து கை நீட்டியவர்களுக்குச் சாதாரணம். எனக்கு வசதி என்று பெரும்பாலானவர்களைப் போனுக்கு முன்னால்தான் அளந்திருந்தேன்.

பேராசிரியரிடம் போய்ச் சொல்வதற்கு முன் மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். மாநாடு, பாஸ்போர்ட், அம்மா தெருவில் சொன்னது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உள்ளே போய் மொத்தத்தையும் சொன்னேன். அவர் கட்டுரையைப் பற்றி முதலில் கேட்பார் என்று பயந்தேன்.

"எத்தனை பேருக்கு மாத்திரை குடுத்திருக்கோம்?" என்றுதான் கேட்டார்.

"மேரியோட சேத்து நாலு பேர் சார்."

"மத்த மூணு பேரையும் இன்னிக்கே பாக்கணும். டாக்டரைக் கூட்டிட்டுக் கெளம்பு. மத்ததெல்லாம் அப்பறம்."

மற்ற மூன்று பேரையும் வீட்டில் போய் அளந்தோம். ஒருத்திக்கு நிஜமாகவே ப்ரஷர் இருந்தது. இரண்டு பேருக்கு இல்லை, மாத்திரையை நிறுத்தினோம். நல்லவேளை, வேறு யாரும் விழவில்லை. பெரிய நெருக்கடி வரும்போது எதை முதலில் கேட்பது என்பதை நான் அன்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் மறக்காதீர்கள்.

மாநாட்டுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினார். காரணத்தையும் மறைக்காமல் எழுதினார். என் பெயரைத் தப்புக்குச் சேர்க்கவில்லை, 'நாங்கள்' என்றே எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

பிறகு மேரியின் விஷயத்தைக் கேட்டேன். "நான் போன்ல அவர்கிட்ட சொல்லிடட்டுமா சார்? நம்மால ஒருத்தர் வேலைய விட்டுட்டு வரப்போறார்."

"அது அந்தப் பொண்ணு ஒடம்பைப் பத்தின சேதி. அதை யாருக்குச் சொல்றதுன்னு நீ எப்படி முடிவு பண்ணுவே?"

"அப்ப சும்மா இருந்துடவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்படியும் சில நேரம் வரும். எல்லாம் தெரிந்தவர்கள் என்று நீங்கள் நினைக்கிறவர்களும் கண்ணாடியைத்தான் துடைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னறையில் மேரி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். இடுப்பில் ஸ்டெல்லா. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "போனை எங்கிட்ட குடுத்தா, தப்பு என்னோடதுன்னு அவர்கிட்ட நானே சொல்றேன். நீ குடுக்கலேன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். உன் இஷ்டம் மேரி."

அவள் ஸ்டெல்லாவின் தலையைக் கோதிவிட்டாள். ஜும்ஆவுக்காகப் பாய் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார். தொழுகை முடிந்து வந்தார், ஷட்டரை ஏற்றினார். ஒவ்வொருத்தியாகப் பெயர் வந்தது. மேரிக்கு வரவில்லை. மணியடிக்கும்போதெல்லாம் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். இத்தனை மாதமாக இங்கே உட்கார்ந்திருந்தும் நான் இதைப் பார்த்ததில்லை. அன்றைக்கு என் கையில் பட்டையைச் சுற்றியிருந்தால் எனக்கும் மாத்திரை எழுதியிருப்பார்கள்.

"மேரீ! தம்மாம்!" என்று பாய் குரல் கொடுத்தார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் போனாள். உள்ளே புழுக்கம் என்பதால் கதவைக் காலால் ஒருக்களித்து வைத்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டது.

"நல்லாயிருக்கேங்க. ... எனக்கு ஒண்ணும் இல்லையாங்க. ப்ரஷர்லாம் இல்லையாம். தப்பாப் பாத்துட்டாங்களாம். மாத்திரைய நிறுத்தியாச்சு. ... கையா? பாய் சொன்னாருங்களா? லேசாத்தான். கூடிடும்." அப்புறம் நீண்ட நேரம் அவர் பேசினார் போலிருக்கிறது. மேரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் பார்க்க முடியாது என்பது மறந்துவிட்டது. "எழுதிக் குடுத்துட்டீங்களா? ... இல்லல்ல? அப்ப வேணாங்க. இருந்து முடிச்சுட்டே வாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். இந்தாங்க, பாப்பா பேசுது."

ஸ்டெல்லாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தவள் நேராக என் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையை நீட்டினாள். "பாருங்கக்கா. பேசி முடிச்சாச்சு. இப்ப சரியா இருக்கும்ல?"

அளந்தேன். பாதரசம் உச்சியில் நின்றது. இத்தனை வாரத்தில் அவளுக்கு நான் பார்த்ததிலேயே அதுதான் அதிகம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அளந்தேன். இறங்கவில்லை.

"கொறைஞ்சிருக்கா?"

"இன்னிக்கி இல்ல மேரி."

"அப்ப ஒங்க மெஷின் இன்னும் சரியாவலக்கா" என்று சிரித்தாள். நான் பட்டையைக் கழற்றாமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் அழுதேன், அவள் அழவில்லை. ஸ்டெல்லா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அளவை எழுதினேன். தேதி, நேரம், 'போனுக்குப் பின்' என்று. எழுதாமல் விட்டிருக்கலாம் என்று கை ஏங்கியது. ரப்பரும் கைவசம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே கணக்கு வைத்து ஆராய்ச்சியை முதலிலிருந்து செய்தோம். போனுக்கு முன், போனுக்குப் பின், மற்ற நாளில் வீட்டில் என்று மூன்று விதமாக. ஒன்றரை வருஷம் ஆனது. கணவனின் வெளிநாட்டு வாழ்க்கை இந்தப் பெண்களுக்கு நிரந்தர நோய் கொடுத்துவிட்டது என்று முன்பு தம்பட்டம் அடித்த இடத்தில், காத்திருக்கிற நேரம் உடம்பை என்ன செய்கிறது என்று அடக்கமாக ஒரு கட்டுரை எழுதினோம். நம் நாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினோம். வரைபடத்தில் போனுக்குப் பின் எடுத்த புள்ளிகள் எல்லாம் கீழே கூட்டமாக இருந்தன. ஒன்று மட்டும் மேலே, தன்னந்தனியாக.

கட்டுரையைப் பரிசீலித்தவர் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். அந்த ஒரு புள்ளி கருவிப் பிழையாக இருக்கலாம், நீக்கிவிட்டால் முடிவு தெளிவாக இருக்கும் என்றார். பேராசிரியர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "நீ எடுத்த அளவு. நீயே பதில் எழுது."

'கருவி சரியாக இருந்தது. இரண்டு முறை அளந்தேன். அந்த அளவு சரி' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. புள்ளி இருந்தது. அதனால் கட்டுரையின் முடிவில் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டி வந்தது. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த சொல் அதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், பெண்ணே. ஒட்டாத புள்ளியை எடுக்கலாமா? கருவிதான் கெட்டது என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் எடு, எடுத்தேன் என்றும் எழுது. கணக்கு அழகாக வரவேண்டும் என்பதற்காக எடுக்காதே. உங்களிடம் இப்போது மணிக்கட்டில் கட்டிவிட்டால் இருபத்து நாலு மணி நேரமும் அளக்கிற கருவி இருக்கிறது. கூத்தாநல்லூருக்குப் போகாமலே தஞ்சாவூரில் உட்கார்ந்து அளவு வாங்கலாம். நல்லதுதான். ஆனால் ஒரு தடவையாவது பஸ் ஏறிப் போய், கை நீட்டுகிறவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வா.

கட்டுரை அச்சாகி வந்தபோது அந்தோணி ஒப்பந்தம் முடித்து ஊருக்கு வந்திருந்தார். மேரி ஆள் விட்டு அனுப்பியிருந்தாள். நானும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். சுவருக்கு மேல் கூரை ஏறியிருந்தது. மீன் குழம்பு வைத்திருந்தாள். ஸ்டெல்லா அப்பாவின் முதுகை விட்டு இறங்கவில்லை.

"எங்களப் பத்தி எழுதுனது இதானா?" என்று மேரி பத்திரிகையைப் புரட்டினாள். ஆங்கிலம் அவளுக்குப் படிக்க வராது. படத்தில் நிறுத்தினாள். "இதுல நான் எங்கக்கா இருக்கேன்?"

சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அவளுடைய அளவு, அவள் கேட்கிறாள். அந்தத் தனிப் புள்ளியின் மேல் விரலை வைத்தேன்.

"எல்லாரும் கீழ கெடக்காங்க, நான் மட்டும் ஏன்க்கா மேல நிக்கிறேன்?" என்றவள், அந்த அளவை எடுத்த தேதியை நான் சொன்னதும் பத்திரிகையை மூடப் போனாள்.

அந்தோணி எட்டிப் பார்த்தார். "என்ன மேரி அது?"

"ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு, "நீங்க வர வேணாம்னு நான் சொன்ன அன்னிக்கி எடுத்த ப்ரஷர்" என்றாள்.

அவர் பத்திரிகையை வாங்கி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் இருந்த குழந்தையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"நல்லாயிருக்கேன்னுதானே சொன்னே?" என்றார்.

மேரி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.